பெருங்குரங்குகளின் கருவுக்குள் ஒட்டிக்கொண்ட இழைமணி டிஎன்ஏ: வீட்டிலிருந்தே தேடிப் பிடிப்பது எப்படி

ஒரு மடிக்கணினி, சுமாரான இணையம், ஒரு கொப்பி, பேனா. எப்போதோ கலத்தின் கருவுக்குள் (நியூக்ளியஸ்) புகுந்து நிறமூர்த்தத்தோடு (குரோமோசோம்) ஒட்டிக்கொண்ட இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டிஎன்ஏத் துண்டைத் தேட இவ்வளவு போதும். ஆய்வுகூடம் வேண்டாம், குரங்கும் வேண்டாம். போனிலும் செய்யலாம்தான், ஆனால் ஆயிரக்கணக்கான எழுத்துகளை விரலால் பிடித்து வெட்டி ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

ஹட்டனில் ஒரு கடையின் மேல்மாடியில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். கலத்தைப் பற்றிய பாடத்தில் இழைமணிக்குத் தனி டிஎன்ஏ உண்டு என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் அதை அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பரீட்சைக்கு அது போதும், எனக்குத்தான் போதவில்லை. பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தேடலைச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சுருக்கமாக. மனித இழைமணி டிஎன்ஏ ஒரு வட்டம்: ஏ, டி, ஜி, சி என்ற நான்கில் அமைந்த 16,569 எழுத்து, 37 பரம்பரையலகு (ஜீன்). கலத்துக்குள் இழைமணி சிதையும்போது அதன் துண்டுகள் சில வேளை கருவுக்குள் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஏதாவது ஒரு நிறமூர்த்தம் இரண்டு இழையும் அறுந்து கிடந்தால், அறுந்த முனைகளை இணைக்கும் நொதியங்கள் நடுவில் இந்தத் துண்டையும் சேர்த்து ஒட்டிவிடும். முட்டையையோ விந்தையோ உண்டாக்கும் கலத்தில் இது நடந்தால் பிள்ளைக்கும் போகும், பேரப்பிள்ளைக்கும் போகும். இப்படி ஒட்டிய துண்டை நியூமைட் என்கிறார்கள். 1994இல் லோபஸும் கூட்டாளிகளும் வீட்டுப் பூனையில் சுமார் 7,900 எழுத்துள்ள துண்டு ஒன்று ஒரே நிறமூர்த்தத்தில் 38 முதல் 76 தடவை வரிசையாக இருப்பதைக் கண்டபோது வைத்த பெயர் அது. மனிதனிலும் மற்றப் பெருங்குரங்குகளிலும் இவை நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. இது பழங்கதையும் இல்லை. 66,083 பேரின் ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ வரிசையைப் பார்த்து 2022இல் வெளியான ஆய்வு, ஏறக்குறைய 10,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் புதிய நியூமைட் இன்றும் உண்டாகிறது என்று காட்டியது.

சரி, வேலைக்கு வருவோம்.

என்சிபிஐ என்ற அமெரிக்க அரசுத் தரவுத்தளத்தில் நியூக்ளியோடைட் பகுதிக்குப் போய் மனித இழைமணியின் முழு வரிசையைத் தேடுங்கள். கேம்பிரிட்ஜ் வரிசை என்று பெயர் பெற்றதுதான் நமக்கு வேண்டியது. 1981இல் முதலில் வெளியாகி 1999இல் திருத்தப்பட்டது. ஃபாஸ்டா என்ற வெறும் எழுத்து வடிவத்தில் அதை இறக்கி, சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன வேடிக்கை: 3107ஆவது இடத்தில் ஏ, டி, ஜி, சி நான்கில் ஒன்றும் இருக்காது, ‘என்’ என்ற எழுத்து நிற்கும். 1981 வரிசையில் அந்த இடத்தில் ஒரு எழுத்து தவறுதலாகக் கூடியிருந்தது. திருத்தும்போது அதை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் இலக்கங்கள் மாறாமல் இருக்க இடத்தை மட்டும் பிடித்து வைத்தார்கள். உங்கள் கோப்பில் அந்த ‘என்’ இருந்தால் சரியான வரிசையைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது, வட்டத்தைக் கோப்பாக்கும்போது எங்கோ ஒரு இடத்தில் வெட்டித்தானே ஆகவேண்டும்? அந்த வெட்டு, பரம்பரையலகு இல்லாத கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் விழுகிறது. அந்த வெட்டைத் தாண்டிக் கிடக்கும் நியூமைட், தேடலில் இரண்டு தனித்தனித் துண்டாகத் தெரியும். இதற்கு எளிய வழி உண்டு. கோப்பின் முதல் 2,000 எழுத்தை நகலெடுத்துக் கடைசியில் ஒட்டிவிடுங்கள். மொத்தம் 18,569 ஆகும். வட்டம் முழுவதையும் இரண்டு தடவை ஒட்டினால் 33,000ஐத் தாண்டிவிடும், நாம் பயன்படுத்தப்போகும் கருவி 25,000க்கு மேல் வாங்காது.

அந்தக் கருவிதான் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்து ஜீனோம் பிரவுசரில் உள்ள பிளாட். ஜீனோம் முழுவதையும் இறக்க நினைக்காதீர்கள். மனித ஜீனோம் ஒன்றே சுருக்கிய கோப்பாகக் கிட்டத்தட்ட ஒரு ஜிபி வரும். நம்மில் பலர் நடுராத்திரிக்குப் பிறகு கிடைக்கும் டேட்டாவை நம்பித்தான் இருக்கிறோம். பிளாட்டில் தேடுவது அவர்களுடைய கணினி, நமக்கு விடை மட்டும்தான் வரும். ஜூன், ஜூலை மழையில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, ஆகவே ஒவ்வொரு விடையையும் வந்த கையோடு கோப்பில் ஒட்டிச் சேமியுங்கள்.

எச்ஜி38 என்ற மனித ஜீனோம் தொகுப்பைத் தேர்ந்து, வரிசையை ஒட்டி, தேடச் சொல்லுங்கள். முதல் விடை நூறு வீதம் பொருந்தும். அது இழைமணியேதான், அதை விடுங்கள். அடுத்து முதலாம் நிறமூர்த்தத்தின் தொடக்கத்தில், 6,29,000 முதல் 6,35,000 வரையான பகுதியில், சுமார் 5,800 எழுத்துள்ள ஒன்று வரும். இழைமணியோடு 98 வீதத்துக்கு மேல் ஒத்துப்போகும். அதைச் சொடுக்கிப் பாருங்கள். இழைமணியில் எந்த ஒழுங்கில் பரம்பரையலகுகள் நிற்கின்றனவோ, அதே ஒழுங்கில் அவற்றின் செத்த பிரதிகள் கருவின் டிஎன்ஏக்குள் வரிசையாக நிற்கும். முதல் தடவை பார்க்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவார்கள்.

98 வீதம் என்பதை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். மனித இழைமணி டிஎன்ஏயும் சிம்பன்சியினுடையதும் ஏறக்குறைய 9 வீதம் வேறுபடும். நம் பாதையும் அவர்கள் பாதையும் பிரிந்து 60, 70 லட்சம் ஆண்டுகளில் சேர்ந்த வேறுபாடு அது. முதலாம் நிறமூர்த்தத்துத் துண்டு இன்றைய மனித இழைமணியிலிருந்து இரண்டு வீதம்கூட விலகவில்லை. ஆகவே அது சிம்பன்சியை விட்டு நாம் பிரிந்த பிறகுதான் கருவுக்குள் வந்திருக்கவேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். ஒப்புமை வீதத்தை மட்டும் பார்த்து நியூமைட்டின் வயதைச் சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். இழைமணி டிஎன்ஏ வேகமாக விகாரமடையும், கருவுக்குள் வந்த துண்டோ மெதுவாகத்தான் மாறும். அதனால் பழைய நியூமைட் அந்தக் காலத்து இழைமணி எப்படி இருந்ததோ அதற்குக் கிட்டவே நின்றுவிடுகிறது. வேறுபாட்டின் பெரும்பகுதி இழைமணி மாறியதால் வந்தது. 85 வீத ஒப்புமை என்றால் இத்தனை கோடி ஆண்டு என்று ஒரே நேர்கோட்டில் பெருக்கினால் விடை பிசகும். நம்பவேண்டியது விளிம்புகளை.

என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். செக்ரோலில், அதாவது தொழிலாளரின் வரவுப் பதிவேட்டில், வேறு தோட்டத்துத் தாளை யாராவது கொண்டுவந்து ஒட்டியிருந்தால் எழுத்தைப் பார்த்து அது தெரியாது, எல்லாத் தாளிலும் பேரும் அரைப்பேரும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஓரத்தில் பசை எங்கே முடிகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். நியூமைட்டுக்கும் அதே கதைதான். நடுவில் உள்ள எழுத்து இழைமணியினுடையது. இரண்டு பக்கமும் உள்ள எழுத்து இழைமணியில் எங்கேயும் இல்லாதது. எந்த எழுத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதுதான் உங்கள் சாட்சி.

விளிம்பை எடுப்பது இப்படி. பிளாட் விடைகளில் 300 முதல் 1,000 எழுத்து வரை நீளமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலாம் நிறமூர்த்தத்துத் துண்டு தொடக்கக்காரருக்கு வேண்டாம், அந்தச் சுற்றுப்புறமே பல தடவை நகலாகிக் கிடக்கும் சிக்கலான இடம். தேர்ந்த துண்டை பிரவுசரில் திறந்து, மேலே ‘வியூ’ பட்டியலில் ‘டிஎன்ஏ’ என்பதை அழுத்தினால், இரு பக்கமும் எத்தனை எழுத்துக் கூடுதலாக வேண்டும் என்று கேட்கும் பெட்டி வரும். இரண்டிலும் 1,000 என்று போடுங்கள். இப்போது நியூமைட்டும் அதன் இரண்டு அக்கம்பக்கமும் சேர்ந்து ஒரே வரிசையாக உங்கள் கையில்.

இந்த வரிசையைத்தான் மற்றப் பெருங்குரங்குகளில் தேடவேண்டும். பிளாட்டில் ஜீனோமைச் சிம்பன்சிக்கு மாற்றித் தேடுங்கள். அப்புறம் பொனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு விடை வரும். வரிசை முழுவதும் அறுபடாமல் பொருந்தினால் நியூமைட் அந்த இனத்திலும் அதே இடத்தில் உண்டு. முதல் ஆயிரமும் கடைசி ஆயிரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பொருந்தி, நடுத்துண்டுக்கு மட்டும் அங்கே எதிரொலி இல்லை என்றால் அது வெற்றிடம். அந்த இனத்தில் துண்டு வந்து ஒட்டவே இல்லை. மூன்றாவது, குழப்பமான விடை: ஒரு பக்கம் பொருந்தும், மறு பக்கம் காணாது, அல்லது நடுவில் ‘என்’, ‘என்’ என்று வரிசையாக நிற்கும். அது வாசிக்கப்படாத ஓட்டை. பழைய தொகுப்புகளில் இது நிறைய. ஓட்டையை வெற்றிடம் என்று எழுதிவிடாதீர்கள். பெருங்குரங்குகளின் ஜீனோம்களை முனையிலிருந்து முனைவரை வாசித்த தொகுப்புகள் 2025இல் நேச்சர் இதழில் வெளியாகிவிட்டன. முடிந்தவரை அவற்றிலேயே தேடுங்கள்.

வெற்றிடம் கிடைத்தால் அதை எழுத்து எழுத்தாகப் பாருங்கள், தேடலில் ருசியான இடம் இதுதான். கொரில்லாவின் வெற்றிட வரிசையை மேலேயும், மனிதனின் விளிம்பைக் கீழேயும் வைத்து, கொப்பியில் கையாலேயே எழுதுங்கள். இடது அக்கம்பக்கத்தின் கடைசி இரண்டு மூன்று எழுத்து இழைமணித் துண்டின் தொடக்கத்தோடும் பொருந்துவதைப் பல இடங்களில் காண்பீர்கள், இது இங்கேயா அங்கேயா என்று சொல்ல முடியாமல். அறுந்த முனைகளை ஒட்டிய நொதியம் பிடித்துக்கொண்ட கைப்பிடி அது. சில இடத்தில் வெற்றிடத்தில் இருந்த ஐந்தாறு எழுத்து மனிதனில் காணாமல் போயிருக்கும், ஒட்டும்போது அரிக்கப்பட்டவை. தாவும் கூறுகளான ஆலு, எல்1 போன்றவை வந்து உட்காரும்போது இரு பக்கமும் ஒரே எழுத்துக்கோவையை இரட்டித்துவிட்டு, ஒரு முனையில் ‘ஏ’ ‘ஏ’ என்று நீண்ட வாலையும் விட்டுப்போகும். நியூமைட்டில் பொதுவாக இரண்டும் இருக்காது. அது தாவி வந்ததில்லை, அறுந்த இடத்தில் மாட்டிக்கொண்டது.

இனி வயது. மனிதன், சிம்பன்சி, கொரில்லா மூன்றிலும் இருக்கிறது, ஒராங்குட்டானில் வெற்றிடம் என்றால், ஒராங்குட்டான் பாதை பிரிந்த பிறகும் கொரில்லா பாதை பிரிவதற்கு முன்பும் துண்டு வந்தது. தோராயமாக 1.4 கோடி ஆண்டுக்கும் 90 லட்சம் ஆண்டுக்கும் இடையில். மனிதனிலும் சிம்பன்சியிலும் மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தியது. ஒரு நாள் சிம்பன்சியிலும் கொரில்லாவிலும் இருந்து மனிதனில் வெற்றிடமாக ஒன்று மாட்டும். பதறவேண்டாம். 2012இல் கொரில்லா ஜீனோம் வெளியானபோதே தெரிந்த சங்கதி: ஜீனோமின் சுமார் 30 வீதத்தில், மனிதனும் சிம்பன்சியும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இல்லாமல், இரண்டில் ஒன்று கொரில்லாவோடு நெருங்கி நிற்கிறது. மூதாதைக் கூட்டத்தில் துண்டு உள்ளவர்களும் இல்லாதவர்களும் கலந்திருந்து, கிளைகள் அடுத்தடுத்துப் பிரிந்தால் அப்படித்தான் வரும்.

பிளாட்டுக்கு ஒரு குறை உண்டு. 95 வீதமும் அதற்கு மேலும் ஒத்தவற்றைப் பிடிக்கவே அதைச் செய்தார்கள். ஒராங்குட்டான் பிரிவதற்கு முந்திய பழைய நியூமைட்டுகள் அதில் அரைகுறையாகத்தான் சிக்கும். அவற்றுக்கு என்சிபிஐயின் பிளாஸ்ட்டுக்குப் போங்கள். அங்கே இயல்பாகத் தெரிவு செய்யப்பட்டிருக்கும் மெகாபிளாஸ்ட்டை மாற்றி, ஓரளவு ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட்என் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விடைகள் குவியும். அதில் ஒரு பொறி இருக்கிறது: ஒரே நியூமைட் கருவுக்குள் வந்த பிறகு, தான் இருந்த பகுதியோடு சேர்ந்து வேறு இடங்களுக்கு நகலாகியிருக்கலாம். இரண்டு விடைகளின் அக்கம்பக்கமும் ஒன்றோடொன்று பொருந்தினால் அது இரண்டு வருகை அல்ல, ஒரே வருகையின் பிரதிகள். அதையும் விளிம்புதான் சொல்லும்.

உயர்தரப் பாடத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. நியூமைட்டைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். என்சிபிஐயின் ஓஆர்எஃப் ஃபைண்டரில் எந்தக் குறியீட்டு அட்டவணை என்று தெரிவு செய்யலாம். கருவின் அட்டவணையில் யூஜிஏ என்ற மூன்றெழுத்துக் குறி என்றால் நிறுத்து. முள்ளந்தண்டுளிகளின் இழைமணியில் அதே யூஜிஏ திரிப்டோபன் என்ற அமினோ அமிலம். ஏயூஏ அங்கே மெதியோனின். ஆகவே இழைமணியிலிருந்து முழுப் பரம்பரையலகு ஒன்று ஒரு எழுத்தும் கெடாமல் கருவுக்குள் வந்தாலும், யூஜிஏ வரும் முதல் இடத்திலேயே புரதம் அறுந்துவிடும். வந்த அன்றே பிணம். இழைமணி அட்டவணையை வைத்து மொழிபெயர்த்து, நடுவில் நிறுத்தம் இல்லை, ஆகவே இது உண்மையான இழைமணி டிஎன்ஏ என்று சொல்பவர்களைக் கண்டால் ஒதுங்குங்கள். அண்மையில் வந்த நியூமைட்டிலும் அப்படி நிறுத்தம் இருக்காது.

இதெல்லாம் வெறும் விளையாட்டா என்று கேட்ட ஒரு பெற்றோருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 1994இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 8 கோடி ஆண்டுப் பழைய எலும்பிலிருந்து சைட்டோகுரோம் பி என்ற இழைமணிப் பரம்பரையலகின் வரிசையை எடுத்ததாக, டைனோசர் டிஎன்ஏ என்னும் அளவுக்கு, சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே அது மனிதக் கருவில் உள்ள நியூமைட்டிலிருந்து வந்திருக்கலாம் என்று மற்றவர்கள் காட்டிவிட்டார்கள். கொரில்லாக்களுக்கும் இது நடந்தது. காட்டில் கொரில்லாவைப் பிடித்து ரத்தம் எடுக்க முடியாது. கூட்டில் உதிர்ந்த முடி, சாணம் இவற்றிலிருந்துதான் டிஎன்ஏ. இழைமணியின் கட்டுப்பாட்டுப் பகுதியை பிசிஆர் முறையில் பிரதியெடுத்துப் பெருக்கி, எந்தக் காட்டில் எந்த வம்சம் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே பகுதியின் நியூமைட்டுகள் கொரில்லாவின் கருவில் ஏராளம், பிசிஆர் அவற்றையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது என்று 2004இல் வெளியான ஆய்வுகள் எச்சரித்தன. தரவுத்தளத்தில் ஏறிவிட்ட சில கொரில்லா வரிசைகள் எந்தப் பக்கம் என்றே சந்தேகத்துக்கு உள்ளாயின. பாதுகாப்புத் திட்டம் வகுப்பவர்கள் இந்த வரிசைகளை வைத்துத்தான் கூட்டங்களைப் பிரிக்கிறார்கள், ஆகவே விளையாட்டு இல்லை.

நம் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ வேறெங்குமோ போய் உண்மையான ஆய்வுகூடத்தில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு: பெருக்கும் துண்டு சிறிதாக இருந்தால் நியூமைட் உள்ளே வர வாய்ப்புக் கூடும். நியூமைட்டுகளில் பெரும்பாலானவை குட்டையானவை. ஆகவே முடிந்தால் இழைமணியை இரண்டு மூன்று நீண்ட துண்டாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பெருக்குங்கள். ஏறும் பகுதியில் எழுத்துகள் மோதினால் ஏதோ ஒன்று இழைமணியிலிருந்து வரவில்லை. வரிசையை வாசித்த வரைபில் ஒரே இடத்தில் இரண்டு எழுத்தின் உச்சி ஒன்றாகத் தெரிந்தாலும் அதே சந்தேகம். 2018இல், வழக்கமாகத் தாய்வழி வரும் இழைமணி டிஎன்ஏ தந்தை வழியாகவும் வருகிறது என்று பெரிய பரபரப்பு எழுந்ததே, அதற்கும் பிறகு கிடைத்த விளக்கம், முழு இழைமணி வரிசையே பல பிரதிகளாகத் தொடுத்துக் கருவில் ஒட்டிய இராட்சத நியூமைட் தந்தையிடமிருந்து வந்திருக்கலாம் என்பதுதான். நீளத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்து என்பதற்கு அது உதாரணம்.

நம் மலையில் பெருங்குரங்கு கிடையாது. ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் உள்ள அடர்ந்த ரோமக் கருங்குரங்கும், தோட்டத்துக் கூரைகளில் ஓடும் செங்குரங்கும் வாலுள்ளவை. அவற்றின் கருவிலும் நியூமைட் உண்டு. ஆசைப்படுகிறவர்கள் ரீசஸ் குரங்கின் ஜீனோமில் இதே தேடலைச் செய்து பார்க்கலாம். ஒராங்குட்டானிலும் இருக்கிறது, ரீசஸில் வெற்றிடம் என்று ஒன்று கிடைத்தால் உங்கள் அட்டவணை இன்னும் ஒரு படி கீழே இறங்கும்.

அட்டவணையைக் கொப்பியில் இப்படிப் போடுங்கள்: இழைமணியில் எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கம் வரை, கருவில் எந்த நிறமூர்த்தம், எந்த இடம், ஒவ்வொரு குரங்குக்கும் ‘உண்டு’, ‘வெற்றிடம்’, ‘ஓட்டை’ இவற்றில் ஒன்று, கடைசியாக இரண்டு விளிம்பிலும் பத்துப் பத்து எழுத்து. இடத்தை எழுதும்போது தொகுப்பின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். முதலாம் நிறமூர்த்தத்துத் துண்டு எச்ஜி38இல் 6,29,000 பக்கம் தொடங்குகிறது, பழைய எச்ஜி19இல் அதே துண்டு 5,64,000 பக்கம். எச்ஜி19இல் ஆரம்பத்தில் வைத்த இழைமணி வரிசையே வேறு, அதற்கு 16,571 எழுத்து. அதற்குரிய நியூமைட் தடம் ஒன்று எச்ஜி19 பிரவுசரில் தயாராகவே இருக்கிறது. உங்கள் விடையை அதோடு ஒப்பிட விரும்பினால், முதலில் இடங்களை ஒரே தொகுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒப்பிடுங்கள். அதே ‘வியூ’ பட்டியலில் அதற்கான வழியும் இருக்கிறது.